"தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று மட்டும் எழுதாதீர்கள்: பிள்ளையின் மருந்து, வருத்தம், தடுப்பூசி பற்றிப் பள்ளிக்கூடத்தோடு பேச ஒரு முழு வழிகாட்டி

என் மகள் தரம் 4 படித்த வருடம், இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்த ஒரு பெப்ரவரிக் காலையில், புழுதி கிளம்பிய மைதானத்தில் ஓடிவிட்டு வந்தவளுக்குத் தொய்வு பிடித்துக்கொண்டது. இன்ஹேலர் பள்ளிக்கூடத்தில் இருந்தது, நான்தான் ஜனவரியில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். ஆனால் அது காரியாலய அலுமாரிக்குள் பூட்டியிருந்தது, திறப்பு வைத்திருந்த ரீச்சர் அன்றைக்கு லீவு. எனக்குப் போன் வந்து, உப்புவெளியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, தோள் ஏறி இறங்க மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நெபுலைஸ் பண்ணி ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். சுகமாகிவிட்டாள்.

பிறகு யோசித்தபோது பிழை அந்தத் திறப்பில் மட்டும் இல்லை என்று தெரிந்தது. நான் கொடுத்த பையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது, அதில் "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதியிருந்தேன். எப்போது தேவை, எத்தனை தடவை அமத்துவது, அதற்கும் கேட்காவிட்டால் என்ன செய்வது, ஒன்றும் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு ரீச்சர், வைத்தியம் படிக்காதவர், அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுக்க முடியும்? அதற்குப் பிறகு வருடா வருடம் நான் செய்வதையும், மூதூரில் இருக்கிற என் அண்ணன் மகனுக்கு (அவனுக்கு இன்சுலின் போடும் சீனி வருத்தம்) செய்வதையும், எங்கள் எம்.ஓ.எச் ஒபிஸில் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில்) கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கையில் எங்கள் அரச பாடசாலைகளில் பெரும்பாலும் தாதி என்று ஒருவர் இருப்பதில்லை. ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கும், சுகாதாரத்துக்குப் பொறுப்பாக ஒரு ஆசிரியர் இருப்பார், அவ்வளவுதான். பாடசாலைக்கு வெளியே, உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைதான் பாடசாலைச் சுகாதாரத்தைப் பார்க்கிறது. அங்கேயிருந்து வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பீ.எச்.ஐ, பாடசாலைக்கு நேராகப் போய்வருகிறவர். சின்ன வயதில் ஊசி போட்ட கிளினிக்கில் உங்களுக்குத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தரும் அதே பணிமனைதான். திருகோணமலை நகரம், உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பணிமனை உண்டு, உங்கள் பிள்ளையின் பாடசாலை எதற்குள் வருகிறது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒரு பிரிவு, பாடசாலை வேறு பிரிவு என்று இருப்பது இங்கே சாதாரணம்.

படி 1: அந்த மருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. ஆறு மணித்தியாலம். நாளுக்கு இரண்டு தடவை குடிக்கிற எந்த மருந்தும் வீட்டிலேயே முடிந்துவிடும். மூன்று தடவை என்று எழுதிய அன்டிபயோட்டிக்கையும் காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று பிரித்தால் எட்டு மணித்தியால இடைவெளியும் சரியாக வரும், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவும் தேவையில்லை. டொக்டரிடம் மருந்து எழுதும்போதே "பிள்ளை பள்ளிக்கூடம் போறவர், இதை வீட்டிலயே குடுக்கிற மாதிரி எழுத ஏலுமா?" என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு அப்படி ஒரு வழி இருக்கும், கேட்காதவர்களுக்கு யாரும் தானாகச் சொல்வதில்லை.

பெனடோல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு குளிசையைச் சுற்றி வைத்து அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள். பரசிற்றமோல் பிள்ளையின் நிறைக்குத்தான் கொடுப்பது, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 20 கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம், பெரியவர்களின் 500 மில்லிகிராம் குளிசை முழுதாகப் போனால் அளவு மீறிவிடும். காலையில் நீங்கள் கொடுத்தது தெரியாமல் பத்து மணிக்கு ரீச்சர் இன்னொன்று கொடுத்தால் நாலு மணித்தியால இடைவெளியும் போய்விடும். பெற்றோரைக் கேட்காமல் பாடசாலையில் ஒரு குளிசையும் கொடுப்பதில்லை என்று சில அதிபர்மார் கண்டிப்பாக இருக்கிறார்கள். அது பிள்ளைக்கு நல்லது, அதற்காக அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள்.

பாடசாலைக்குப் போகவேண்டியவை உண்மையில் கொஞ்சம்தான். தொய்வுக்கு இன்ஹேலர், சீனி வருத்தத்துக்கு இன்சுலினும் குளுக்கோசும், வலிப்புக்கோ கடும் ஒவ்வாமைக்கோ அவசரத்துக்கு என்று டொக்டர் குறிப்பாக எழுதித் தந்த மருந்து.

படி 2: ஒரு பக்கத் தாள்

வெளிநாட்டுப் பாடசாலைகளில் இதற்கு அச்சடித்த படிவம் இருக்கும். இங்கே நீங்களே ஒரு கொப்பித் தாளில் எழுதினால் போதும், ஆனால் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அவசரத்தில் யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பமாட்டார்கள். பந்தியாக எழுதாமல் பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு விசயமாக எழுதுங்கள். உங்கள் பிள்ளையை ஒருநாளும் பார்த்திராத, அன்றைக்குத்தான் பதில் கடமைக்கு வந்த ஒரு ஆசிரியர் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

என் மகளின் தாள் இப்படித்தான் இருக்கிறது:

பெயர், தரம், நிறை, படம் ஒட்டியது.
வருத்தம்: தொய்வு. புழுதி, ஓட்டம், தடிமன், சாம்பிராணிப் புகை இவற்றால் கூடும்.
தொடக்கம் இப்படி இருக்கும்: விடாத வறட்டு இருமல், நெஞ்சைப் பிடிப்பாள், கதையைக் குறைப்பாள்.
அப்போது: நேராக இருத்தவும், படுக்க வைக்க வேண்டாம். நீல இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி ஒரு தடவை அமத்தவும், நாலு மூச்சு எடுக்கட்டும். இப்படி நாலு தடவை. நாலு நிமிடம் பார்க்கவும். குறையாவிட்டால் இன்னும் நாலு தடவை.
அதற்கும் குறையாவிட்டால், அல்லது ஒரு வசனம் முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், அல்லது உதடு நீலித்தால்: உடனே 1990. அம்புலன்ஸ் வரும்வரை இன்ஹேலரைத் தொடரவும். பிறகு எனக்கு அறிவிக்கவும்.
என் போன், அப்பாவின் போன், அம்மம்மா வீட்டுப் போன்.
கீழே கிளினிக் டொக்டரின் கையொப்பமும் திகதியும்.

(ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற குழாய்.) இதில் மூன்று இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, தொடக்கம் எப்படி இருக்கும் என்று எழுதியிருப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வேறு, உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. என் மகள் கதையைக் குறைத்தால் நான் வீட்டில் எழும்பிவிடுவேன், வகுப்பில் அதே மௌனம் நல்ல பிள்ளை அமைதியாக இருக்கிறாள் என்றுதான் தெரியும். இரண்டாவது, முதலில் 1990, பிறகுதான் எனக்கு. சுவசரிய அம்புலன்ஸ் இலவசம், பெற்றோரின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று நீங்களே எழுத்தில் கொடுத்துவிட்டால் ரீச்சரின் தயக்கம் போய்விடும். தாயைத் தேடிப் போன் அடித்துக்கொண்டிருக்கிற பத்து நிமிடம் சில வருத்தங்களுக்கு மிகப் பெரிய நேரம். மூன்றாவது, டொக்டரின் கையொப்பம். அளவுகளை என் தாளைப் பார்த்து எழுதாதீர்கள், உங்கள் பிள்ளைக்கு எத்தனை தடவை என்று கிளினிக்கில் கேட்டு எழுதி, அங்கேயே கையொப்பம் வாங்குங்கள். கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டருக்கு நேரம் இருக்காது, அதனால் தாளை வீட்டிலேயே எழுதி முடித்துக்கொண்டு போங்கள். வாசித்துத் திருத்திக் கையொப்பம் வைக்க ஒரு நிமிடம் போதும். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை.

படி 3: நேரில் கொடுங்கள், பூட்டவிடாதீர்கள்

ஜனவரியில் தவணை தொடங்கி முதல் கிழமையே போங்கள். பிள்ளையிடம் கொடுத்து அனுப்பவேண்டாம், வகுப்பு வட்ஸ்அப் குழுவிலும் போடவேண்டாம், உங்கள் பிள்ளையின் வருத்தம் மற்ற நாற்பது வீட்டுக்கும் தெரியவேண்டியதில்லை. முதலில் அதிபரிடம் சொல்லிவிட்டு, வகுப்பாசிரியரிடம் ஒரு பிரதி, சுகாதாரத்துக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் ஒரு பிரதி, காரியாலயத்தில் ஒன்று, உடற்கல்வி சேரிடம் ஒன்று. உடற்கல்வி சேரை மறந்துவிடுகிறோம், ஆனால் தொய்வும் சீனி இறக்கமும் மைதானத்தில்தான் கூட வரும்.

நான் ரீச்சரிடம் இப்படித்தான் கேட்டேன்: "ரீச்சர், இதை நீங்கள் செய்தாகவேணும் என்று நான் வற்புறுத்த வரவில்லை. நான் வந்து சேரும்வரைக்கும் இவ்வளவும் செய்தால் போதும், ஒருக்கா உங்களுக்குச் செய்துகாட்டட்டா?" ரீச்சர்மார் பயப்படுவது மருந்துக்கு இல்லை, ஏதாவது நடந்தால் பழி தங்கள் மேல் வருமே என்றுதான். எழுத்தில் உங்கள் கையொப்பத்தோடு கொடுத்து, ஸ்பேசரை வைத்து ஒருமுறை செய்துகாட்டினால் அந்தப் பயம் பாதி குறையும்.

இனி வைக்கும் இடம். அவசர மருந்து பூட்டுக்குள் இருக்கக் கூடாது. தரம் 4, 5 அளவில் பிள்ளைக்குத் தானாக இன்ஹேலர் பாவிக்கத் தெரிந்தால் அது பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், இன்னொன்று வகுப்பாசிரியரின் மேசையில். சின்னப் பிள்ளை என்றால் எட்டாத உயரத்தில், ஆனால் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த இடத்தில். மருந்து வாங்கிய பெட்டியோடு, பெயரும் முடியும் திகதியும் தெரியும்படி கொடுங்கள்.

அப்புறம் வெயில். மே தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊர் வகுப்பறைத் தகரக் கூரைக்குக் கீழே என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். பாவனையில் இருக்கிற இன்சுலின் 30 பாகைக்குக் கீழே இருந்தால்தான் நாலு கிழமை வரை தாங்கும், திறக்காதது குளிர்சாதனப் பெட்டியில் இருக்கவேண்டும், ஆனால் உறைகிற பகுதியில் வைக்கவே கூடாது. என் அண்ணி ஒரு சின்ன மண் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து, இடையில் மணல் போட்டு நனைத்துக் காரியாலயத்தில் வைத்திருக்கிறா. காலையில் தண்ணீர் தெளிப்பதை அலுவலகத்து ஐயா ஒருவர் பார்த்துக்கொள்கிறார். இன்ஹேலரையும் யன்னல் ஓர வெயிலில் விடாதீர்கள், அது அழுத்தத்தில் அடைத்த உலோகக் குப்பி.

ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு: 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, போத்தல் வாயால் மூச்சு எடுத்தாலும் மருந்து நன்றாகவே நெஞ்சுக்குப் போகும், இது ஆராய்ந்து பார்த்த முறை. கிளினிக்கில் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீல இன்ஹேலரில் பொதுவாக 200 தடவை இருக்கும், எண்ணிக்கை காட்டாத வகை என்றால் தொடங்கிய திகதியை மேலே எழுதி ஒட்டுங்கள். வெறும் காற்று வருகிற இன்ஹேலரும் அமத்தினால் சத்தம் போடும்.

மற்ற வருத்தங்களுக்குத் தாளில் என்ன வரவேண்டும்

வலிப்பு. இதில் என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் பெரிதாக எழுதவேண்டும். கையில் இரும்போ திறப்போ கொடுக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம், கை கால்களை அமத்திப் பிடிக்க வேண்டாம். செய்யவேண்டியது: மேசை கதிரையைத் தள்ளி, தலைக்குக் கீழே ஏதாவது மெதுவாக வைத்து, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, மணிக்கூட்டைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து நினைவு திரும்பாமல் இன்னொன்று வந்தால் 1990. முடிந்த பிறகு பிள்ளை நித்திரை கொள்ளும், சிலவேளை சிறுநீர் போயிருக்கும், ஒரு மாற்று உடுப்பைப் பையில் வையுங்கள், மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பும்படி தாளில் எழுதுங்கள். பேய், தெய்வக் குற்றம் என்று இன்னும் பேசுகிற இடங்களில் பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுவது வலிப்பால் இல்லை, இந்த வெட்கத்தால்தான். எனக்கு மனம் பொறுக்காத விசயம் இது.

இன்சுலின் போடும் பிள்ளை. இதற்கு அனுமதிகளை எழுதி வாங்கவேண்டும்: பாடம் நடக்கும்போதே தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக, சீனி பார்க்க, பசித்தால் ஏதாவது சாப்பிட. சீனி 70க்குக் கீழே இறங்கினால், அல்லது பார்க்கும் கருவி கையில் இல்லாமல் வியர்த்து, நடுங்கி, சிடுசிடுத்து, சம்பந்தமில்லாமல் கதைத்தால், உடனே மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர், அல்லது அரைக் கிளாஸ் பழச்சாறு. பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும், சரியானால் பிஸ்கட்டோ சோறோ. தனியாகக் காரியாலயத்துக்கு அனுப்பவே கூடாது, வழியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. நினைவில்லாத பிள்ளையின் வாயில் ஒன்றும் விடக் கூடாது, பக்கமாகச் சரித்துவிட்டு 1990. "சீனி வருத்தக்காரப் பிள்ளைக்குச் சீனி குடுக்கலாமா?" என்று எல்லோரும் தயங்குவார்கள், அண்ணன் மகனின் ரீச்சரும் முதலில் அதைத்தான் கேட்டா. ஆகவே "இறங்கும்போது சீனிதான் மருந்து" என்று ஒரு வரி போடுங்கள். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கூட்டாளிகளோடு தானும் நோன்பு பிடிக்கிறேன் என்று பிள்ளை நிற்கும், ரமழானுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு முடிவெடுத்துப் பாடசாலைக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை. கடற்கரை ஊர், இறால், நண்டு, கணவாய் எல்லாம் வீட்டுச் சாப்பாடு, இடைவேளையில் பிள்ளைகள் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள். கச்சானும் (நிலக்கடலை) அப்படித்தான். பகிர்ந்து சாப்பிடவேண்டாம் என்று பிள்ளைக்கும், பாடசாலையில் மதிய உணவு கொடுத்தால் எது ஆகாது என்று அதைப் பார்ப்பவருக்கும் சொல்லுங்கள். தோலில் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் டொக்டர் தந்த ஒவ்வாமைப் பாணி போதும். மூச்சு முட்டல், குரல் அடைத்தல், முகமும் நாக்கும் வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி விழுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் பாணியோடு நிற்காமல் 1990, கால்களை உயர்த்திப் படுக்கவைப்பது, மூச்சு முட்டினால் மட்டும் இருத்திவைப்பது. அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, இங்கே பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் போடுவார்கள், ஆகவே நேரத்தை வீணாக்கக் கூடாது. சிகிரியாச் சுற்றுலாவில் குளவி கலைந்து கொட்டியதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம், முன்பு ஒருமுறை குளவிக்குக் கடுமையாக வீங்கிய பிள்ளை என்றால் அதையும் எழுதுங்கள்.

படி 4: பாடசாலையே கொடுக்கும் குளிசைகள்

வாரம் ஒரு தடவை இரும்புச்சத்துக் குளிசை, அதோடு போலிக் அமிலம், விற்றமின் சீ, இடையிடையே பூச்சிக் குளிசை. இவை சுகாதாரத் திணைக்களத்திலிருந்து வந்து ஆசிரியர் கையால் கொடுக்கப்படுபவை, கட்டாயம் குடிக்கவிடுங்கள். சாப்பிட்ட பிறகு குடிக்கட்டும். தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது, அந்த நாளில் ஒரு மணித்தியாலம் முன்பின்னாகத் தேத்தண்ணியைத் தவிர்க்கலாம். மலம் கறுத்துப் போவது சாதாரணம், பயப்படவேண்டாம்.

ஆனால் தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரும்புக் குளிசை கூடாது. அவர்களுக்கு இரத்தம் ஏற்றுவதாலேயே உடம்பில் இரும்பு கூடிவிடுகிறது, அதை வெளியேற்றத்தான் மருந்து எடுக்கிறார்கள். வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கும்போது பிள்ளையும் கையை நீட்டும். தாளின் மேலேயே சிவப்பு எழுத்தில் போடுங்கள்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலையில் எல்லோருக்கும், அதற்கு மேல் இருந்தால் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். உயரம், நிறை, கண், காது, பல், இதயம், தோல் எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்கு வீட்டில் மறிக்காதீர்கள். கண் கிளினிக்குக்கோ வேறு விசேட வைத்தியரிடமோ போகச் சொல்லித் துண்டு தந்தால் அதைப் பைக்குள் கசங்கவிடாமல் அந்த மாதத்துக்குள் போய்க் காட்டுங்கள்.

படி 5: தடுப்பூசி

பிள்ளை பிறந்தபோது தந்த பதிவேடு, எங்கள் பேச்சில் கிளினிக் கார்ட், அதுதான் அடிப்படை. தரம் 1 அனுமதிக்கு முன் அதை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். பிறந்ததும் பி.சி.ஜி, 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கான ஊசியும் போலியோ சொட்டும், 9 மாதத்தில் எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும்), 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் (தொண்டைக் கரப்பான், குக்கல், ஏற்பு வலி என்கிற ரெற்றனஸ்) போலியோவும், 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர், 5 வயதில் ஏற்பு வலிக்கும் தொண்டைக் கரப்பானுக்குமான ஊசியும் போலியோவும். எனக்குத் தெரிந்த வீடுகளில் தவறியிருப்பது பெரும்பாலும் 3 வயது ஊசிதான், ஒன்றரை வயதுக்குப் பிறகு கிளினிக் பக்கம் போவதே நின்றுவிடுகிறது. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது, 2023இல் திரும்பவும் நோயாளர்கள் வந்தார்கள். ஆகவே அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் சும்மா விடாதீர்கள்.

தவறியதற்காக முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. எம்.ஓ.எச் கிளினிக்குக்குக் கார்டோடு போனால் விடுபட்டதை எந்த ஒழுங்கில் போடுவது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று ஒருவர் கேட்கக்கூடும், அதற்காக வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். கார்ட் தொலைந்திருந்தால், நனைந்து எழுத்து அழிந்திருந்தால் (2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் பல வீடுகளில் அப்படிப் போனது), பழைய கிளினிக்கின் பதிவுப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதித் தரக் கேட்கலாம். பிள்ளையின் பிறந்த திகதியும் அப்போது இருந்த விலாசமும் கொண்டுபோங்கள். கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவைத்துவிட்டு, கார்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள்.

பாடசாலையில் போடுபவை இரண்டு. தரம் 6இல் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி, தரம் 7இல் எல்லோருக்கும் ஏற்பு வலிக்கும் தொண்டைக் கரப்பானுக்கும். எச்.பி.வி இங்கே 2017இல் தொடங்கியது, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. அதை உண்டாக்கும் வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன்பே போடவேண்டும் என்பதால்தான் இந்த வயது. "பிறகு பிள்ளைப்பேறு இருக்காதாம்" என்று எங்கள் ஒழுங்கையிலும் கதை வந்தது. அப்படி ஒன்றும் இல்லை, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் மகளுக்கு நான் போட்டேன். சந்தேகம் இருந்தால் ஒழுங்கையில் கேட்காமல், ஊசி போடும் நாளுக்கு முன்பே எம்.ஓ.எச் ஒபிஸுக்குப் போய் அந்தக் கேள்வியை அப்படியே கேளுங்கள், சொல்லித்தருவார்கள்.

ஊசி நாளன்று காலைச் சாப்பாடு கட்டாயம். அந்த வயதுப் பிள்ளைகள் ஊசியால் இல்லை, பயத்தாலும் வெறும் வயிற்றாலும்தான் மயங்குகிறார்கள், ஒருத்தி மயங்கினால் பார்த்துக்கொண்டிருக்கிற நாலு பேர் மயங்குவார்கள். இருந்தபடி போட்டு, இருபது முப்பது நிமிடம் அங்கேயே இருக்கட்டும். முன்பு ஒரு ஊசிக்குக் கடுமையாக ஒவ்வாமை வந்திருந்தால், பிள்ளை ஸ்டீரொய்ட் குளிசை தொடர்ந்து குடித்தால், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தால், முதல் நாளே எழுதி அனுப்புங்கள். கடும் காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுவார்கள். சாதாரணத் தடிமனும் தொய்வும் ஊசியை மறிக்கக் காரணம் இல்லை. அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஊசி போய்விட்டது என்று விடாமல், பீ.எச்.ஐயிடம் கேட்டுக் கிளினிக்கில் போட்டு, கார்டிலும் பதிந்து வாருங்கள்.

படி 6: எப்போது வீட்டில் மறிப்பது

காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடம் இல்லை. பெனடோலைக் கொடுத்து இறக்கிவிட்டு அனுப்புவதும் வேண்டாம், பத்து மணிக்குத் திரும்ப ஏறும். எங்களுக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்று பார்த்தவர்கள் நாங்கள். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் தவிர வேறொன்றும் கொடுக்கவேண்டாம், இபுபுரூபன், அஸ்பிரின் வகைகள் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கூடம் அனுப்ப அவசரப்படாதீர்கள், டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான்.

அம்மாள் வருத்தம் என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும்வரை. கூகைக்கட்டு என்றால் வீங்கத் தொடங்கி ஐந்து நாள். சின்னமுத்து என்றால் தடிப்பு வந்து நாலு நாள், பாடசாலைக்கும் எம்.ஓ.எச் ஒபிஸுக்கும் உடனே சொல்லவும் வேண்டும். செங்கமாரிக்கு மஞ்சள் தெரிந்து ஒரு கிழமை. பேனுக்கு வீட்டில் மறிக்கத் தேவையில்லை, அன்றைக்கே மருந்து போட்டால் போதும்.

படி 7: டியூசன், சுற்றுலா, பரீட்சை

1.30க்குப் பள்ளிக்கூடம் முடிந்தாலும் பிள்ளை வீட்டுக்கு வருவது ஆறு மணிக்கு, இடையில் இரண்டு டியூசன். அங்கே அதிபரும் இல்லை, பெட்டியும் இல்லை. தாளின் ஒரு பிரதியை மடித்து, கிளினிக் கொப்பியின் முன்பக்கப் படத்தோடு, பிள்ளையின் பையின் உள் அறையில் வையுங்கள். டியூசன் சேரிடம் போய் ஒரு ஐந்து நிமிடம் கதையுங்கள். வான் அண்ணாவுக்கும் சொல்லுங்கள், பிள்ளையைக் காலையும் பின்னேரமும் பார்க்கிற ஆள் அவர்தான்.

சுற்றுலாவுக்கு மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒன்று பிள்ளையிடம், ஒன்று கூடப்போகிற ஆசிரியரிடம். பஸ்ஸின் மேல் தட்டில் போடும் பெரிய பைக்குள் இருந்தால் தேவையான நேரம் கைக்கு வராது. பரீட்சைக்கு இன்ஹேலர், குளுக்கோஸ், தண்ணீர், சீனி பார்க்கும் கருவி எதுவும் மண்டபத்துக்குள் வேண்டும் என்றால், அன்று காலை வாசலில் நின்று கேட்காமல், மாதக் கணக்கில் முன்பே அதிபர் ஊடாக வைத்தியச் சான்றிதழோடு எழுதிக் கொடுங்கள்.

டிசம்பர் விடுமுறை விடும் நாளில் போய் மருந்தையும் எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முடியும் திகதி பாருங்கள், பிள்ளையை நிறுத்துப் பாருங்கள், நிறை கூடியிருந்தால் மருந்தின் அளவும் மாறியிருக்கலாம், ஜனவரிக் கிளினிக்கில் புதுத் தாளுக்குக் கையொப்பம் வாங்குங்கள். பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தால், அவசரத்தில் எது ரீச்சரின் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.